கறுப்புப் பெட்டிக்குப் போன ராக் பாட்டு

ஆரணிப் பக்கத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பாட்டு நல்ல பாட்டா கெட்ட பாட்டா என்று தீர்மானித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மைக் செட் வைத்திருந்தார். அவரிடம் மூன்று தகரப் பெட்டிகள் இருந்தன. பச்சைப் பெட்டியில் கல்யாணக் கேசட்டுகள், சிவப்பில் கோயில் கேசட்டுகள், கறுப்பில் சாவு வீட்டுக் கேசட்டுகள். சங்கீதம் மொத்தத்தையும் அவர் மூன்றே பெட்டியில் அடக்கியிருந்தார்.

நாங்கள் நாலு பேர் இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுவது என்று கிளம்பினோம். நாலு பேரும் தறிக்காரர்கள். எங்களுக்கு நெசவு கொடுத்த முதலாளியின் மகன் மெட்ராசிலிருந்து ஒரு எலக்ட்ரிக் கிதாரும், ராக் பாட்டுகள் அடங்கிய ஒரு இங்கிலீஷ் கேசட்டும் வாங்கி வந்திருந்தான். அதில் ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் செய்முறை புரிந்துவிட்டது. முதலில் கிதார் மெதுவாக முனகும். பாடுகிறவன் மனசு உடைந்தவனாக இரண்டு சரணம் பாடுவான். பிறகு திடீரென்று டிரம்ஸ் இடிக்கும், அவன் தொண்டை கிழியக் கத்துவான், கிதார் தனியாக நின்று அழும். இவ்வளவுதானே, நாமும் செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. கிதாரில் ஒரு கம்பி அறுந்தபோது சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து ஒரு இழை கட்டினோம். அதிலிருந்து வந்த கரகரப்பைத்தான் ராக் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

வரிகளை எழுதி, பாடியவன் நான். காரணம் ஊருக்கே தெரிந்திருக்கும், சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு மட்டும் தெரியாது. சேவூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். டைப்ரைட்டிங் கற்க தினமும் காலை பஸ்ஸில் ஆரணிக்குப் போவாள். முடித்த சேலையை அங்கே முதலாளி வீட்டில் கொடுக்க நான் பத்து நாளைக்கு ஒரு தடவை போனால் போதும். நான் தினமும் போனேன். ஒரு வருஷம் அப்படிப் போயும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கிருந்த தைரியம் அத்தனைதான்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். பாட்டின் முதல் இரண்டு சரணங்கள் பொதுவாக இருக்கும்: பஸ், ஜன்னல் ஓரம், காற்று, முடி. எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பொருந்தும். டிரம்ஸ் இடித்த பிறகு வரும் கடைசிச் சரணத்தில் அவளுடைய குடை வரும். அந்தக் குடையின் பிடி உடைந்துபோய், கிளிப்பச்சைப் பட்டு நூலைச் சுற்றி வைத்திருந்தாள். ஜில்லா முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொரு குடை கிடைக்காது. ஏதாவது ஒரு கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சரணம் ஒலித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு நான் வாயைத் திறக்கவே தேவையில்லை.

ரிக்கார்டிங்கை அமாவாசையன்று வைத்துக்கொண்டோம். மற்ற நாட்களில் எந்த வீட்டில் உட்கார்ந்து பாடினாலும் தறிச் சத்தம் சுவர் தாண்டி வந்து தாளம் போடும். அமாவாசையன்றுதான் தறிக்கு லீவு. இருமல், ஆட்டுக்குட்டி, குக்கர் விசில் எல்லாவற்றையும் விலக்கி ஒழுங்காக ஒரு பதிவு கிடைக்க எங்களுக்கு மூன்று அமாவாசை ஆயிற்று.

முதல் அரங்கேற்றம் ஒரு கல்யாண ரிசப்ஷனில். முதல் சரணம் முடிவதற்குள் மணப்பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நல்ல காரியம் நடந்துகினு இருக்குது. இப்ப இன்னாத்துக்கு இப்பிடி இழுக்கறீங்க? ஜல்தியா வேற எதனா பாடுங்க" என்றார்.

வேறு பாடினோம். சாப்பாடு மட்டும் கிடைத்தது.

மேடை போனால் போகட்டும் என்று கேசட்டை மைக் செட்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அரை நிமிஷம் கேட்டார். கேசட்டை எடுத்துக் கறுப்புப் பெட்டியில் போட்டார்.

"அண்ணே, இது காதல் பாட்டுண்ணே. வார்த்தைய கேளுங்க" என்றேன்.

"வார்த்தைய எவன்பா கேக்கறான்? வேகமா வந்தா கல்யாணம். மணி அடிச்சா கோயிலு. மெதுவா இழுத்தா சாவு. ரிக்கார்டு தட்டு காலத்துலருந்து முப்பது வருசமா நான் இப்பிடித்தான் பிரிச்சிகினு இருக்கறேன்."

முதலில் முள்ளிப்பட்டில் ஒரு அரிசி மண்டிக்காரர் இறந்தபோது ஓடியது. நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பாட்டு பிரமாதமாக எடுபட்டது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அடுத்த சாவுக்கு, "அந்த பஸ்ஸு பாட்டு இருக்குதா?" என்று கேட்டு வந்தார்கள். பெரணமல்லூர் வரை போயிற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பெண்ணுக்கும், எண்பது வயதில் செத்துப்போன மண்டிக்காரருக்கும் என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டீக்கடையில் அதற்கு விளக்கமே சொன்னார். உடம்புதான் பஸ்ஸாம், உயிர்தான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறதாம். எழுதின பையன் சின்ன வயதிலேயே ஞானி என்றார். பக்கத்து பெஞ்சில் அந்த ஞானி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் டிரம்ஸ் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் மைக் செட்காரர் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவார். திருப்பி முதலிலிருந்து போடுவார்.

"வாசல்ல மேளம் அடிக்கறவங்க நிக்கறாங்க. கேசட்ல நான் மேளம் அடிச்சா அவங்களுக்கு இன்னா மரியாத?" என்பார்.

நியாயம்தான். அந்த நியாயத்தால் என் குடைச் சரணத்தை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இப்படி ஒரு வருஷம் போனபின் ஒருநாள் காலை அடுத்த தெருவில் குழாய் கட்டினார்கள். இறந்தது அவளுடைய அப்பா. தறியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நான் போனேன். துக்கம் விசாரிக்கப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கால்கள் நேராக மைக் செட்காரரிடம் போயின.

"அண்ணே, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் கடைசி வரிக்கும் ஓட வுடுங்கண்ணே" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தாளு இன்னும் நடுவூட்ல படுத்துகினு கீறாரு. உனுக்கு உன் பாட்டு முழுசா ஓடணும். இல்ல?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. பந்தலின் ஓரத்தில் போய் நின்றேன். பாட்டு ஓடியது. இரண்டாம் சரணம் முடிந்தது. அவர் பட்டனை அமுக்கினார்.

அவள் மறுபடி பஸ்ஸுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அன்று கூட்டம் இல்லை. நான் வழக்கம்போல் பின்னால் நின்றேன். அவளே திரும்பினாள்.

"அந்தப் பாட்டு பாடினவரு நீங்கதானுங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பா போன அன்னிக்கி காலையில இருந்து எனக்கு அழுகையே வரலைங்க. எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. உங்க பாட்டு போட்டாங்க. அப்பறம்தான் வந்திச்சி. அதச் சொல்லணும்னு இருந்தேன்."

குடை அவள் மடியில் இருந்தது. பட்டு நூல் அழுக்கேறியிருந்தது. ஒரு இடத்தில் பிரிந்துபோய், புதிதாகச் சுற்றியிருந்தாள்.

"ரெண்டாவது சரணத்தோட பட்டுனு நிக்குதே, அதுக்கப்பறம் எதனா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி அதுதான். பதில் ராகத்தோடு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்காக அழ முடிந்ததென்று நன்றி சொல்ல வந்தவளிடம், அது அவருக்கு இல்லை, உன் குடைக்கு எழுதியது என்று எந்த முகத்தோடு சொல்வது?

"இல்லீங்க. அவ்ளோதான்" என்றேன்.

ஆரணி வந்துவிட்டது. இறங்குவதற்காகக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லாதாங்க முடிச்சிருக்கீங்க. அதுக்கு மேல இன்னா பாடியிருந்தாலும் கெட்டுப் போயிருக்கும்" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.