பித்தளை அரண்மனை

வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பழைய பெனின் பேரரசு பற்றிய பாடம். அரண்மனைத் தூணில் பதித்திருந்த பித்தளைத் தகடொன்றின் படம். புளியும் பித்தளையும் சேர்ந்த மணத்தில் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போது லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரே வீட்டில் நாங்கள் மேலே, ஒசாரோ அங்கிள் கீழே. சமைக்கிற குசினி பொது. அவர் நைஜீரியாவில் பெனின் நகரத்துக்காரர். ஷெல் விழுந்து எரிந்த எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டின் படத்தை அப்பா காட்டியபோது, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்ற மனுசன்.

ஒருநாள் அம்மா விளக்குத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, தங்கள் அரசனின் அரண்மனை முழுக்கப் பித்தளைத் தகடுகள் இருந்தன என்றார். இந்த நாட்டுப் பட்டாளம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனதாம். அரண்மனையும் எரிந்துபோனதாம்.

அப்பா அவருக்குத் தலையாட்டியபடியே எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "கேட்டியளே, மரத்தில இருந்ததுகளுக்கு அரண்மனையாம்."

அம்மா சிரித்தா. நான் இன்னும் பெரிதாகச் சிரித்தேன். அப்பா என்ன சொன்னார் என்று அங்கிள் என்னிடம் கேட்டார். ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கெட்டித்தனம் காட்டினேன்.

அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பிறகு நாங்கள் இருக்கும்போது குசினிக்கு வந்ததேயில்லை. "நல்லதாப் போச்சு" என்றார் அப்பா. எரிந்த வீட்டின் படத்தை மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சாகும்வரை அழுதார்.

"அம்மா, உங்களுக்கு இது முந்தியே தெரியுமா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.