இரண்டு தரத்தோடு நின்ற ஏலம்

ஏரிக்கரையில் மீன் ஏலம் கூறுவது என் பெரியம்மாவின் தொழில். அவர் வாயைத் திறந்தால் எதிர்க்கரையில் துணி துவைப்பவர்களுக்குக்கூட அன்றைய கெண்டை விலை தெரிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். கரையில் எல்லோருக்கும் அவர் கணீரக்கா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். பட்டமளிப்பு மேடையில் ஒருவர் என் பெயரை வாசித்தபோது பெரியம்மா என் அம்மாவின் காதில், "இவ்ளோ மெதுவா கூப்பிட்டா எவன் கேட்டு வாங்குவான்?" என்றாராம்.

விடிந்ததும் படகுகள் வரும். ஈரம் சொட்டும் கூடைகளைப் பெரியம்மா ஏறி நிற்கும் தட்டைக் கல்லுக்கு முன்னால் இறக்கி வைப்பார்கள். சைக்கிளில் மீன் விற்கும் ஆண்களும் பெண்களும் சுற்றி நிற்பார்கள். பெரியம்மா குனிந்து செவுளைப் புரட்டிப் பார்த்து, மீனின் பெயரைச் சொல்லி, விலையைத் தொடங்குவார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூணு தரம் சொல்லி, ஈரக்கையால் கூடையின் விளிம்பைத் தட்டினால் முடிந்தது. அதுவரை கூடை யாருக்கும் சொந்தமில்லை. படகுக்காரரே திருப்பி எடுக்க நினைத்தாலும் முடியாது. அதேபோல, வந்த கூடை எதையும் ஏலம் கூற மாட்டேன் என்று அவரும் தள்ள முடியாது. தள்ளினால் அன்றே கல்லை விட்டு இறங்கிவிட வேண்டும். இது கரையின் கட்டுப்பாடு.

நான் கல்லூரியில் இருந்த காலத்தில்தான் கொசுவலை வந்தது. கொசு நுழையாத அளவுக்குக் கண் சிறுத்த வலை என்பதால் அந்தப் பெயர். கூடவே கோழித் தீவன ஆலையின் லாரியும் வந்தது. விரலளவு குஞ்சானாலும் எடை போட்டு அள்ளிக்கொண்டு போகும். கெண்டை, விரால், கெளுத்தி, ஆரல், உளுவை என்று பெயர் சொல்லிக் கூவிய வாய்க்கு, எல்லாம் கலந்த வெள்ளிக் கூழைப் பார்த்து என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை. பெருமீன் கூடைகள் மாதா மாதம் குறைந்தன. குஞ்சையே அள்ளினால் பெருமீனுக்கு எங்கே போவது? இதைக் கரையில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் கொசுவலையே வாங்கினார்கள்.

முதலில் வாங்கியது பெரியம்மாவின் மருமகன், என் அத்தான். பெரியம்மா அவரிடம் கரையில் பேசவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினார்.

"நான் விட்டா இன்னொருத்தன் அள்ளிடுவான் அத்தை," என்றார் அத்தான்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க மாப்பிள்ளை. அந்த இன்னொருத்தன் யாருன்னு தேடிப் போனா, அங்க நீங்கதான் நிக்கிறீங்க."

அத்தான் வலையை விடவில்லை.

பெரியம்மாவின் கவலையைப் பார்த்துச் சைக்கிள் வியாபாரிகள் ஒரு யோசனை செய்தார்கள். லாரிக்காரர் கேட்கும் விலைக்கு மேல் ஏற்றி ஏற்றிக் கேட்டால் அவர் கட்டுபடியாகாமல் ஓடிவிடுவார் என்பது கணக்கு. அப்படியே செய்தார்கள். லாரி காலியாகத் திரும்பியது. விற்க முடியாத குஞ்சைத் தலையில் கட்டிக்கொண்டு இவர்களும் சிரித்தபடி போனார்கள். மறுநாள் கரையில் கால் வைக்க இடமில்லாமல் குஞ்சுக் கூடைகள். அவ்வளவு விலை போனால் எந்தப் படகு சும்மா இருக்கும்? "அறிவுக்கொழுந்துகளா, நெருப்பை அணைக்கச் சொன்னா நெய்யை ஊத்திட்டு வந்து நிக்கிறீங்களே," என்று பெரியம்மா திட்டிய திட்டு அன்றைக்கு எதிர்க்கரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவர் தன் வழியைக் கண்டுபிடித்தார். கூடையைத் தள்ளக் கூடாது என்றுதான் கட்டுப்பாடு. மூன்றாவது தரத்தை எப்போது சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அத்தானின் குஞ்சுக் கூடை முதலில் வந்தது. பெரியம்மா ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார், தண்ணீர் குடித்தார், அடுத்த கூடைக்குப் போய்விட்டார். வெயில் ஏறியது. குஞ்சு மீன் சீக்கிரம் குழையும். மூணு தரம் ஆகாத கூடையை யாரும் தொட முடியாது. லாரிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி.

இதில் பெரியம்மாவுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. மீன் தலையைக்கூட வீணாக்காதவர், அழுகிய கூடைகளைக் கரையோரம் புதைப்பதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா, அதாவது அவருடைய மகள், வாசலில் வந்து நின்று சொன்னதை அம்மா எனக்குப் போனில் சொன்னார். ஊரில் எவ்வளவோ படகு இருக்க, பெற்ற மகள் வீட்டு உலையில்தான் மண்ணைப் போட வேண்டுமா என்று கேட்டாளாம். "முதல் கூடை உன் வீட்டுக்கூடையா இல்லாம இருந்தா, என் பேச்சை எவன் நம்புவான்?" என்றாராம் பெரியம்மா. அன்றோடு தாயும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

படகுக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். மறுநாள், லீவில் வந்திருந்த நானும் கரையில் இருந்தேன். முதல் கூடை குஞ்சு. பெரியம்மா ரெண்டு தரத்தோடு நின்றார். படகுக்காரர் சங்கத் தலைவர் முன்னால் வந்து, "மூணாவதைச் சொல்லுங்க, இல்ல இறங்குங்க அக்கா," என்றார். கரை முழுதும் அவர் வாயையே பார்த்தது. அந்தக் கல்தான் அவருக்குச் சோறு. பெரியப்பா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளை வளர்த்ததும் அந்தக் கல்லின் மேல்தான். பெரியம்மா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். சைக்கிள் நிற்கும் பக்கம் போய் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

தலைவரின் மைத்துனர் கல்லில் ஏறினார். கட்டைத் தொண்டை. பாதி விலை அவர் வாய்க்குள்ளேயே கரைந்தது. அது பெரிய விஷயமில்லை. சைக்கிள் வியாபாரிகளில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதுதான் விஷயம். அவர்கள் பெரியம்மாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவர் கேட்காமலே உட்கார்ந்தார்கள். லாரிக்காரர் மட்டும் கேட்டார், அவர் வைத்ததே விலை. குஞ்சும் அந்த விலை, கெண்டையும் அந்த விலை. வெகு நாளைக்குப் பிறகு அத்தானுக்கு ஒரு பெரிய விரால் விழுந்திருந்தது. அதையும் மூணு தரம் சொல்லித் தட்டினார்கள். லாரியின் ஆள் அதை மண்வெட்டியால் வாரிக் குஞ்சுக் குவியலின் மேல் எறிந்தார். விரால் ஒருமுறை துள்ளியது. அத்தான் லாரிப் பக்கம் ஓடி, தட்டிய மீன் என்பது நினைவுக்கு வந்து, பாதியில் நின்றார்.

சில நாள் இப்படியே ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் படகுக்காரர்கள் பெரியம்மாவின் வீட்டுக்கு வந்தார்கள். திரும்பி வரச் சொன்னார்கள். மூன்று விரல் சேர்த்து நுழைகிற கண் உள்ள வலைதான் ஏரியில் இறங்க வேண்டும், மீன் சினைப்படும் காலத்தில் நாணல் பக்கம் படகே போகக் கூடாது, சம்மதமா என்றார் பெரியம்மா. அது வயிற்றில் அடிப்பது என்று தலைவர் இழுத்தார். கதவோரம் நின்றிருந்த அத்தான்தான் பேசினார். "அத்தை கேக்கறதைக் குடுங்கண்ணே. என் வலையை நாளைக்கே கொளுத்துறேன்."

சொன்னபடி கொளுத்தினார். மற்றவர்களும் ஒப்புக்கொள்ள, பெரியம்மா மறுபடி கல்லில் ஏறினார். புது வலைக்குக் காசில்லாமல் அந்தப் பருவம் முழுக்க அத்தான் படகு கரையில் கவிழ்ந்தே கிடந்தது. ஐஸ் ஆலையில் கட்டி சுமக்கப் போனார். அக்காவும் சும்மா இருக்காமல் ஒரு பழைய சைக்கிளை வாங்கினாள். அதில் கூடையைக் கட்டிக்கொண்டு வியாபாரிகளோடு கரைக்கு வந்து நின்றாள். தன் அம்மா பக்கம் பார்க்க மாட்டாள். தனக்கு வேண்டிய கூடைக்குப் பக்கத்து ஆளை விட்டுக் கேட்கச் சொல்வாள். பெரியம்மாவும் கவனிக்காதவர் மாதிரியே கூவுவார்.

அடுத்த வருடம் ஆரல் வந்தது. கெளுத்தி வந்தது. உளுவை இன்னும் வரவில்லை; வருமா என்று யாருக்கும் தெரியாது. ஆரல் கூடை முதன்முதலாக இறங்கிய காலையில் பக்கத்து ஆள் லீவு. அக்கா தானே வாய் திறந்து விலை கேட்டாள். பெரியம்மா அவளை நேராகப் பார்த்தார்.

"பத்தாது. மகள்னு குறைச்சுத் தட்ட மாட்டேன்."

"நீ குறைச்சா நான் வாங்க மாட்டேன்," என்றாள் அக்கா. விலையை ஏற்றினாள்.