என் சாட்சியை நம்பித் தங்கை நிறுத்திய மாத்திரை

சபையார் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். என் பெயர் எட்வின். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடமாக இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டுகிறேன். ஆண்டவர் என் வியாதியைச் சுகமாக்கினார் என்று நம் சபையில் நான் ஏற்கனவே ஒரு சாட்சி சொன்னவன். உங்களில் பலர் அதைக் கேட்டு அழுதீர்கள், கை தட்டினீர்கள். அந்தச் சாட்சியால் என் தங்கை சாகக் கிடந்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். தங்கை மெர்சிக்கு ஆறு வருடம். அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்த சொத்து அது ஒன்றுதான். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நாற்பது நாள் உபவாசம் இருந்தேன். காலையில் ஒன்றும் கிடையாது, மதியம் கொஞ்சம் சோறு, சாயங்காலம் கஞ்சி. மாத்திரையை மட்டும் விடவில்லை. வயிற்றைக் கட்டினால் சர்க்கரை இறங்கத்தானே செய்யும்? அந்தப் புத்தி அப்போது எனக்கு இல்லை. ஈஸ்டர் முடிந்து ரத்தம் பார்த்தேன். சர்க்கரை சரியான அளவில் இருந்தது. சர்க்கரை மாத்திரையையும் கூடவே எழுதிக் கொடுத்திருந்த கொழுப்பு மாத்திரையையும் அன்றைக்கே நிறுத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தேன்.

"ஆண்டவர் என்னைத் தொட்டார். இனிமேல் எனக்கு மாத்திரையே கிடையாது" என்றேன்.

என்னிடம் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. போதகர்கூட, "டாக்டரைக் கேட்டீங்களா, பிரதர்?" என்று மெதுவாகக் கேட்டார். "பெரிய டாக்டரே சொல்லிட்டார், ஐயா" என்று மேலே கையைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்கள் பக்கத்தில் மெர்சி அழுதுகொண்டே எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். அதன் பிறகு வீட்டு ஜெபக் கூட்டங்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். பட்டாபிராம், திருவேற்காடு, காட்டுப்பாக்கம் என்று போன இடமெல்லாம் அதே சாட்சியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போனது.

ஜூலை மாதம் கம்பெனியில் எல்லாருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். சர்க்கரை பழையபடி ஏறியிருந்தது. கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது. ட்ரைகிளிசரைடு என்று இன்னொரு கொழுப்பு, அதுவும் ஏறியிருந்தது. இருக்க வேண்டிய நல்ல கொழுப்புதான் குறைந்திருந்தது. "சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இது சேர்ந்தே வரும். வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ள ரத்தக்குழாயை அடைச்சிக்கினே போகும். நாளைக்கே மாத்திரை ஆரம்பிங்க" என்றார்.

ஆரம்பித்தேன். ஆனால் யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் சொல்லவில்லை. வீட்டில் வைத்தால் தெரிந்துவிடும் என்று பட்டறையில் அளவு பார்க்கும் என் மைக்ரோமீட்டர் பெட்டிக்குள் மாத்திரையை வைத்தேன். லேத் ஓட்டுகிறவனின் மைக்ரோமீட்டரை இன்னொருத்தன் தொடமாட்டான். காலையில் வேலைக்குப் போனதும் ஒன்று, ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது ஒன்று. சாட்சி சொன்ன வாயால் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஆண்டவருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பெயரைத்தான் காப்பாற்றினேன்.

கிறிஸ்துமஸ் அன்று மெர்சி வீட்டுக்கு, திருநின்றவூருக்குச் சாப்பிடப் போயிருந்தோம். மெர்சி ஒல்லியானவள். சின்ன வயதிலிருந்து வாய் மட்டும் ஓயாது. "உடம்புல இல்லாத கொழுப்பெல்லாம் உன் வாயில கீது" என்று அவளைக் கிண்டல் செய்வேன். அன்று எனக்கு இன்னும் இரண்டு துண்டு கறி வைத்துவிட்டு, அவள் வீட்டுக்காரர் செல்வத்துக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்:

"அண்ணா, நானும் உட்டுட்டேன். உன் சாட்சி கேட்டதுலேர்ந்து ஒரு மாத்திரையும் தொடல. அவரு வாங்கியாறதை அப்படியே ஒளிச்சி வெச்சிடுறேன், தெரிஞ்சா கத்துவாரு. உனக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யமாட்டாரா?"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மெர்சி, நான் மறுபடியும் போடுகிறேன், நீயும் போடு. அவ்வளவுதான். பத்து வார்த்தைகூட இல்லை. ஆனால் நான், "பாத்து இரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் கறியைச் சாப்பிட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. மெஷினில் இரும்புப் பீஸைப் பூட்டிக்கொண்டிருந்தேன். செல்வம் போன் செய்தார்.

"மச்சான், மெர்சிக்கு ஒரு மாதிரியா கீது. நேத்துலேர்ந்து தாடை வலிக்குதுன்னா. வாயுன்னு ஓமத்தண்ணி குடுத்தேன். இப்போ வேர்த்து ஊத்துது, வாந்தி எடுத்துகினே கீறா. ஆவடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன், நீ வா."

நெஞ்சு வலியே வரவில்லையாம். சர்க்கரைக்காரர்களுக்கு அப்படி வலி இல்லாமலும் மாரடைப்பு வருமாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் போய்ச் சேரும்போது அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவளுடைய கால் மட்டும் தெரிந்தது. மெட்டியைக் கழற்றியிருந்தார்கள். விரலில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. நான் ஜெபம் பண்ணத் தெரிந்தவன் என்று எல்லாரும் சொல்வீர்கள். அன்று எனக்கு வந்தது ஒரே ஒரு ஜெபம்தான். "ஆண்டவரே, என் பொய்க்கு இவளை எடுத்துக்கொள்ளாதேயும்." திரும்பத் திரும்ப இதை மட்டுமே சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அப்போதுதான் டாக்டர் அம்மா வெளியே வந்தார்.

"சுகர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் ஒழுங்கா போட்டாங்களா?"

"போட்டுகினுதான் மேடம் கீறா. நான்தானே மாசா மாசம் வாங்கியாறேன்" என்றார் செல்வம்.

எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் செல்வம் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று ஒரு கணம் யோசித்தேன். தங்கை உள்ளே செத்துக்கொண்டிருக்கும்போதுகூட அப்படி யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் வாயைத் திறந்தேன். அது என் பலம் இல்லை. எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

"இல்லை மேடம். எட்டு மாசத்துக்கு மேல அவ ஒண்ணும் போடல. நான் சொன்னதைக் கேட்டு நிறுத்திட்டா. ஆனா நான் மட்டும் போட்டுகினு இருந்தேன்" என்றேன்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். செல்வம் என் சட்டையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிடித்த கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

சாயங்காலத்துக்குள் அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் கண் திறந்து பேசினாள். ஆண்டவர் என் தங்கையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நன்றியை எந்த வார்த்தையில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் முழுசாகக் கொடுத்தார் என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். அவள் இதயத்தில் ஒரு பக்கம் செத்துவிட்டது. அது இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள், ரயில்வே ஸ்டேஷன் படி ஏற முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. வாய் ஓயாதவள் இப்போது சைகை காட்டுகிறாள். செல்வம் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீ போடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் போட்டிருப்பேன்ணா."

அந்த வார்த்தையோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். பட்டறையில் ஒரு பீஸ் அளவு தப்பினால், அதை நல்ல பீஸோடு கலந்து அனுப்பியவன் இல்லை நான். இரும்புக்குக் காட்டிய நேர்மையை என் தங்கைக்குக் காட்டவில்லை.

இப்போது மாத்திரையை வீட்டில், எல்லார் கண்ணிலும் படும்படி சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். சர்க்கரையோடு கொழுப்பையும் டாக்டர் சொல்லும் நாளில் போய்ப் பார்க்கிறேன். உபவாசம் இருப்பதென்றால் முதலில் அவரைக் கேட்கிறேன். என் விசுவாசம் இதனால் குறையவில்லை. அன்று அந்தக் கதவுக்கு வெளியே என் ஜெபத்தைக் கேட்டவரும் அவர்தான், பேச வைத்தவரும் அவர்தான், உள்ளே அந்த டாக்டரின் கையைப் பிடித்திருந்தவரும் அவர்தான். அவரை நம்புங்கள். நம்புகிறவர் உண்மையைச் சொல்லப் பயப்பட வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். என் முதல் சாட்சியைக் கேட்டு வேறு யார் யார் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் வெட்கப்படாமல் என்னிடம் வாருங்கள். வெட்கப்பட வேண்டியவன் நான்தான். சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபிப்போம், அப்புறம் நானே கூட வந்து ரத்தம் பார்க்க அழைத்துப் போகிறேன். ஒருத்திக்காகக் கேட்டேன், ஆண்டவர் இரங்கினார். இன்னொருவருக்காக அப்படி நின்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. சீக்கிரம் வந்துவிடுங்கள்.