கதவு சாத்தும் முன் ஒரு ஜெபம்

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். என் முறை வந்தால் நான் "ஆமென்" என்று மட்டும் சொல்வேன், அடுத்தவர் தொடங்கிவிடுவார். என் கூச்சம் தெரிந்து யாரும் வற்புறுத்தியதில்லை.

எனக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவர்கள்தான் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். "கர்த்தர் உன்னைப் பொன்னைப்போலப் புடமிடுறார், கேட்டோ" என்பார் ஒரு மூத்த அக்கா, என் கையைத் தடவியபடி. அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எச்சில் விழுங்கவே உயிர் போகிற நாட்களில், எதற்காகப் புடமிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம், கர்த்தரிடம்கூட.

கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க, முகத்தை அச்செடுத்துச் செய்த வலை முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். பிறகு எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அன்று எனக்குக் கதிர்வீச்சின் கடைசி நாள். முடித்துவிட்டுக் காத்திருக்கும் அறைக்கு வந்து பையை எடுத்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்காரி. அவளுக்கும் தொண்டைதான். முந்தின நாள் முகமூடிக்குள் மூச்சு முட்டி, பாதியில் நிறுத்தினார்களாம். இன்று நர்ஸ் கூப்பிட்டும் எழவில்லை.

"எனக்கு மதி, போதும் அக்கா. பஸ் ஏறப் போறேன். வீட்டிலேயே கிடந்து செத்துக்கிறேன்."

என் பையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்திருப்பாள் போல. "நீங்க வேதக்காரங்கதானே? எனக்கு ஒண்ணு ஜெபிச்சு விடுங்க" என்றாள்.

புடமிடுவதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மேசையைத் தெரியும். மாட்டுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூச்சு முட்டினால் கையைத் தூக்கு, கேமராவில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்றேன். பிறகு அவள் கையைப் பிடித்தேன்.

"கர்த்தாவே, இவளுக்குப் பயமா இருக்கு. எனக்கும் இருந்தது, உமக்குத் தெரியும். கதவைச் சாத்தினப்புறம் உள்ளே யாரும் இருக்க மாட்டாங்க. நீர் இரும்."

"ஆமென்" என்று அவள்தான் சொன்னாள். நர்ஸ் மறுபடி கூப்பிட்டபோது எழுந்து போனாள்.

இதற்காகத்தான் எனக்கு நோய் வந்தது என்று சொல்லத் துணிவில்லை. நோய் வராதிருந்தால் அந்த ஜெபம் என் வாயில் வந்திராது. அது மட்டும் நிச்சயம்.

கன்னமெல்லாம் வலைத்தடத்தோடு வெளியே வந்தாள். அன்றைக்கானதை முழுதும் முடித்திருந்தாள்.

"நாளைக்கும் நிப்பீங்கல்ல அக்கா?"

எனக்கு இனி அங்கே வேலையில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. எந்த பஸ்ஸில் வருவாள் என்று கேட்டேன்.