மின்னல் பட்டவரைத் தொடலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் தென்னேரிக்குப் போயிருந்தோம். ஸ்டெல்லா என்ற பெண்ணைப் பார்த்து நன்றி சொல்ல. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக என்னோடு அவர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சண்டையைப் போட அவர் உயிரோடு இருப்பதே அந்தப் பெண்ணால்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காஞ்சிபுரத்தில் ஐப்பசி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மத்தியானம் காற்று நின்றுபோய் வேர்த்துக் கொட்டும். மூன்று, நாலு மணிக்குக் கருப்பாக ஏதோ திரண்டு வரும். அப்புறம் ஒரே இடி.

எங்களுடையது பட்டு நெசவு வீடு. வீட்டுக்காரர் சேலைக்கு டிசைன் போடுகிறவர். மழை எங்களுக்குப் பெரிய விஷயம். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருக்கும்போது நாலு தூறல் விழுந்தால் போதும், அன்றைக்கு வேலை போச்சு. அதனால் வீட்டில் ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு வானிலை ஆப். மழை எப்போது வரும், எவ்வளவு பெய்யும் — இதுதான் எங்கள் பேச்சு.

மின்னலா? அதை யார் யோசித்தார்கள்? இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்போம். டிவி பிளக்கைப் பிடுங்குவோம். அத்தோடு சரி.

போன ஐப்பசியில் ஒரு நாள் வாலாஜாபாத் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் டிசைன் காட்டுவதற்காக இவர் பைக்கில் போனார். வேலை முடிந்ததும் எனக்கு போன். "தென்னேரி ஏரி ரொம்பிக்கினு இருக்குதாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"வானம் ஒரு மாதிரி இருக்குது. நேரா வீட்டுக்கு வாங்க" என்றேன். கேட்கிற ஆளா?

ஏரிக்கரை ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு பெரிய புளியமரம். ஏழெட்டுப் பேர் அதனடியில் ஒதுங்கி நின்றார்கள். இவரும் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய் நின்றார். மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது நாம் எல்லோரும் செய்வதுதானே.

பக்கத்திலிருந்த பனைமரத்தில் மின்னல் விழுந்தது. புளியமரத்தடியில் இருந்த எல்லோரும் கீழே விழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ஒருவருக்கு வாய் குழறியது. இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மூச்சும் இல்லை.

சுற்றி நின்றவர்கள் சொன்ன முதல் வார்த்தை — "தொடாதே."

உடம்பில் கரண்ட் இருக்கும், தொட்டால் நம்மையும் இழுத்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். ஒரு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். இவரைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள்ளே யாரும் இல்லை.

அப்போது ஸ்கூட்டியில் வந்து நின்றாள் ஸ்டெல்லா. போன் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இவர் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் இவருக்கு மூச்சு வந்துவிட்டது.

எனக்குத் தகவல் வந்தபோது நான் அடுப்பில் குழம்பு வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. கட்டிலில் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். இடது தோளில் சிவப்பாக, பெரணி இலை மாதிரி கிளை கிளையாக ஒரு தடம். மின்னல் பட்ட சிலருக்கு அப்படி வருமாம், தானாகவே மறைந்துவிடுமாம். என்னைப் பார்த்ததும் இவர் பேசிய முதல் வாக்கியம் என்ன தெரியுமா? "மறையறதுக்குள்ள இத ஒரு போட்டோ எடு. பார்டருக்கு ஆகும்."

நான் அழுதுகொண்டே போட்டோ எடுத்தேன்.

காதில் ஜவ்வு கிழிந்திருந்தது. இன்னும் ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது பேர்கள் மறந்துபோகின்றன. வானம் லேசாக இருட்டினால்கூட உள் அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார். எல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும் என்கிறார் டாக்டர்.

அவரிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "உடம்புல கரண்ட் இருக்கும்னு எல்லாரும் பயந்தாங்களாமே, டாக்டர்?"

"மின்னல் உடம்புல தங்காதும்மா. வந்த வேகத்துல மண்ணுக்குள்ள போயிடும். பட்டவங்களத் தாராளமாத் தொடலாம். இடம் மட்டும் பத்திரமா இருக்கணும், மழையில இன்னொரு மின்னல் விழலாம் இல்லையா? மூச்சு இல்லன்னா உடனே நெஞ்ச அழுத்தணும். அந்தப் பொண்ணு அழுத்தலன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

இவ்வளவு சின்ன விஷயம். வருஷா வருஷம் இடி கேட்டு வளர்ந்த எனக்கு இது தெரியவில்லை. ஏரிக்கரையில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால்? புருஷன் ஆயிற்றே என்று பாய்ந்திருப்பேனா, இல்லை நாலு பேர் கையைப் பிடித்து இழுக்க, அழுதுகொண்டு நின்றிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

சரி, ஸ்டெல்லா வீட்டுக்கு வருவோம்.

இவருடைய பைக்கைக் கொண்டுவந்து விட்ட ஏரிக்கரை டீக்கடைக்காரர்தான் அவள் பேரையும் வீட்டுக்கு வழியையும் சொல்லியிருந்தார். தெருக்கோடியில் சின்ன சர்ச். அதற்கு அடுத்து, புதிதாகத் தளம் போட்ட மெத்தை வீடு. அவளுடைய தாத்தா பாட்டி காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் நிலத்தில்தான் நாற்று நட்டது, அறுத்தது. இப்போது அப்பா கொத்தனார், அண்ணன் லாரி டிரைவர், இவள் ஃபேக்டரி.

இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒல்லியாக இருந்தாள். இந்தக் கைகளா அழுத்தின?

பூ, பழம், ஒரு பட்டுச் சேலை கொண்டுபோயிருந்தோம். சேலையைப் பிரித்துப் பார்த்து, "கலர் நல்லா இருக்குதுக்கா" என்று சாதாரணமாக வாங்கிக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"மின்னல் பட்டவங்களத் தொடலாம்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா" என்றாள். "ஃபேக்டரில சேஃப்டி கிளாஸ் வைப்பாங்க. பொம்மைய வச்சு நெஞ்ச அழுத்தக் கத்துக் குடுத்தாங்க. ஆனா கரண்ட் அடிச்சவன முதல்ல தொடாத, மெயின ஆஃப் பண்ணுன்னுதான் சொன்னாங்க. இங்க எந்த மெயின ஆஃப் பண்றது? வானத்துல போயா?"

"அப்புறம் எப்படித் தொட்ட?"

"இந்த அண்ணன் மேல ஒயரு எதுவும் இல்லியே. எங்கேருந்து கரண்ட் வரும்னு தோணுச்சு. ஆனா பயமாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு விரல வச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆவல. அப்புறம் ரெண்டு கையையும் வச்சுட்டேன்."

அந்த ஒரு விரலை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அவளுடைய அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "அதயும் சொல்லு இவங்ககிட்ட" என்றார் மகளிடம்.

ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கினாள். "அண்ணனுக்கு மூச்சு வந்துச்சுக்கா. கூட்டத்துல ஒருத்தர் குனிஞ்சு என்னக் கேட்டாரு... நீ எந்தத் தெரும்மான்னு."

அந்தக் கேள்விக்கு இங்கே ஒரே ஒரு அர்த்தம்தான். என்ன சாதி?

"நீ என்ன சொன்ன?"

"ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமா வருதுன்னு ரோட்டுல போய்ப் பாருங்கன்னேன். போயிட்டாரு."

கோபமில்லாமல் சொன்னாள். தொடாதே என்ற வார்த்தையை அந்த வீடு எத்தனை தலைமுறையாகக் கேட்டிருக்கும்? கேட்டுக் கேட்டுத்தானோ என்னவோ, அன்றைக்கு அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள்தான்.

ஒரு காதில் பாதியும் விழாத வீட்டுக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தார் போல. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த அழுத்தறத எனக்கும் சொல்லிக் குடும்மா" என்றார்.

கூடத்தில் தலையணை வந்தது. இவர் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். அவள் இவர் கைகளைப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். முழங்கையை மடக்கக் கூடாதாம். தோளிலிருந்து பலம் வரவேண்டுமாம். இவர் பட்டுத் துணியைத் தடவுகிற மாதிரி அழுத்தினார்.

"இது பத்தாதுண்ணா. இன்னும் நல்லா ஆழமா."

"எலும்பு கிலும்பு உடைஞ்சிடப் போவுதும்மா."

"உடையும்ணா. உங்களுக்கே ரெண்டு விலா எலும்பு உடைஞ்சுதே. நான்தானே உடைச்சேன்."

அவள் அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கையை நேராக்கிக்கொண்டு, முழு பலத்தோடு அழுத்தினார். அப்புறம் என் முறை.

மின்னல் பட்டவரை யோசிக்காமல் தொடுங்கள்; மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்துங்கள். விலா எலும்பு திரும்ப ஒட்டிக்கொள்ளும்.