முழுக்கைச் சட்டைக்குள் ஒரு தேமல்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தோலைப் பற்றிய பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்ததோ என்னவோ, என் காலத்துக்குள் அது வரவில்லை. அதனால் இடது முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளுப்பாக ஒன்று தெரிந்தபோது, அது என்னவாக இருக்கும் என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்துவிடக் கூடாது என்று யோசிக்க மட்டும் நன்றாகத் தெரிந்தது.

குஷ்டம் என்ற சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. மகளுக்குச் சின்னசேலம் பக்கத்தில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தோம். பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை. அப்பன் கையில் வெளுப்பு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அவர்கள் சின்னசேலத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கிக்கொள்வார்கள். மருந்து சாப்பிட்டால் தீர்ந்துபோகிற நோய் என்று சுவரில் எழுதியிருப்பதை நானும் படித்திருக்கிறேன். சுவரா வந்து சம்பந்தம் பேசப்போகிறது?

ஆகவே முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன். சித்திரை மாதம். கல்வராயன் மலைப்பக்கம் மழை இறங்கினாலும் எங்கள் ஊருக்குப் புழுக்கம்தான் வந்து சேரும். மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனால் பக்கத்துக் கொல்லைக்காரன் விடுவானா?

"இன்னா மாமா, மடை திருப்பப் போறியா, மனு குடுக்கப் போறியா?"

"வெயிலுக்குடா."

"வெயிலுக்கு சட்டைய கழட்டுவாங்க. நீ பூட்டிக்கினு போற."

தொட்டால் உணர்ச்சி இல்லாவிட்டால்தான் அந்த நோய் என்று கேள்விப்பட்டிருந்தேன். தினமும் காலையில் ஊக்கை எடுத்து வெளுத்த இடத்தில் குத்திப் பார்ப்பேன். சுருக்கென்று வலிக்கும். அந்த நிம்மதி மத்தியானம் வரை தாங்கும். பிறகு, நேற்று வலித்த அளவுக்கு இன்று வலித்ததா என்று சந்தேகம் வரும். ஒத்துப்பார்க்க வலது கையிலும் குத்துவேன். பத்து நாளில் இரண்டு கையிலும் சிவப்புப் புள்ளிகள்.

"கையில இன்னா அது?" என்றாள் மனைவி.

"கொசு கடிச்சிது."

"முழுக்கைச் சட்டைக்குள்ள பூந்தா?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் பார்ப்பதுதான் அவளுடைய வழக்கம்.

ஒரு மாதத்தில் ஒரு வெளுப்பு நான்கானது. அந்த வாரம்தான் வீடு வீடாகத் தோலைப் பார்க்கிற நர்சம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். மனைவி கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, "மொதல்ல இவர பாருங்க" என்றாள்.

நர்சம்மா சட்டையைக் கழற்றச் சொன்னார். பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொள்ளாமல் பேனாவை எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்க. பேனாவால தொடுவேன். தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க."

மூடினேன். முழுசாக மூடினால் எங்கே தொடுகிறார் என்று எப்படித் தெரியும்? இமையை ஒரு நூல் அளவுக்குத் திறந்துவைத்துக்கொண்டேன். பேனா கையை நோக்கி வந்தது. "ஆமா" என்றேன்.

"நா இன்னும் தொடவே இல்லீங்க."

அடுத்த தடவை பேனா பட்டது, "ஆமா". எடுத்தார், அதற்கும் ஒரு "ஆமா". எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. பரீட்சையில் பார்த்து எழுதத் தெரியாமல்தான் எட்டாவதில் தோற்றேன் என்பதை நர்சம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, வியாழக்கிழமை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை.

"வெளிய யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றேன்.

"ஊருக்குச் சொல்ல எழுதலீங்க. உங்களப் பாக்கத்தான் எழுதுறேன்."

வியாழக்கிழமை டாக்டர் கண்ணைக்கூட மூடச் சொல்லவில்லை. லேசாகச் சுரண்டிப் பார்த்தார். மாவு மாதிரி உதிர்ந்தது. "தேமல். எப்பவும் இந்தச் சட்டைதானா?" என்றார். வேர்வையும் புழுக்கமும்தான் அதற்குத் தீனியாம். மறைக்கப் போட்ட சட்டைக்குள் ஒரு மாதமாக நானே அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

களிம்பு கொடுக்கும்போது நர்சம்மா விளக்கிச் சொன்னார். மேலே நாம் பார்ப்பது செத்த தோல்தானாம், தினமும் உதிர்ந்துகொண்டே இருக்குமாம். அதற்கு அடியில் உயிருள்ள தோல். நரம்பு நுனி, வேர்வைச் சுரப்பி, மயிர் வேர் எல்லாம் அங்கே. தேமல் மேலோடு நின்றுவிடும், நரம்பு வரைக்கும் போகாது. சிவப்புப் புள்ளிகள் எப்படி வந்தன என்று அவர் கேட்டபோது ஊக்கைப் பற்றிச் சொல்லியிருந்தேன். "ஊக்கால குத்தினது மட்டும்தாங்க உள்ள வரைக்கும் போயிருக்குது" என்றார். எல்லாம் புரிந்தது. தினமும் உதிர்கிற தோல் வீட்டில் எங்கே போய் விழுகிறது என்பது மட்டும் இன்றைக்கும் எனக்குக் கவலைதான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"யப்பா, அத உள்ள வை. அவங்க பாக்க வர்றது என்னைய" என்றாள் மகள்.

வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பையனின் அப்பா நல்ல மனிதராகத் தெரிந்தார், நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தார். விளைச்சல் போய்விட்டது என்றதற்கும் சிரித்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். என் முழுக்கைச் சட்டையை யாருமே பார்க்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் மறைத்துக் கொடுத்துவிட்டான் என்று மகளைத்தானே குத்துவார்கள்?

அவர் கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தபோது கூடவே போனேன். அவருடைய வலது காதோரம் குனிந்து, தேமல், டாக்டர், சீட்டு என்று எல்லாவற்றையும் ரகசியமாகச் சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார்.

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இன்னா சொன்னீங்க? சின்ன வயசுல கெணத்துல குதிச்சப்போ இந்தக் காது சவ்வு கிழிஞ்சிபோச்சி. அந்தக் காதும் கொஞ்சம் கம்மி. அந்தப் பக்கம் வந்து கத்திச் சொல்லுங்க."

இடது பக்கம் போய்க் கத்தினேன். "கையில தேமல் இருக்குதுங்க. ஒட்டுற நோய் கெடையாது."

கதவண்டை மொத்தப் பேரும் வந்து நின்றார்கள். என் மனைவி தரையைப் பார்த்தாள். பையனின் அம்மா என்னை விட்டுவிட்டுத் தன் புருஷனைத்தான் முறைத்தார்.

"காத பத்தி தாலி கட்டினப்புறம் சொல்லிக்கலாம்னு வண்டியில படிச்சி படிச்சி சொன்னேனே."

"அது என் காதுல விழல" என்றார் அவர்.

முதலில் சிரித்தது என் மகள்தான். எல்லோரும் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவருடைய இடது பக்கம் போட்டுக்கொண்டேன்.