ராசமலர் பார்க்கப்போன வெந்நீரூற்று

ராசமலரிடம் எதையும் ஒளிக்க முடியாது. ரண்டர்ஸ் என்ற டேனிஷ் ஊரில், முதியோர் இல்லத்தின் சலவை அறையில் அவளுக்கு வேலை. ஒரு காலுறை குறைந்தாலும் அது எந்தக் கிழவருடையது என்று சொல்லிவிடுவாள். பால் பெட்டியின் திகதியைக் கடைக்காரன் கண்ணெதிரே இரண்டு முறை வாசிக்கிற பிறவி அது. திருகோணமலையை விட்டு வந்து ஒன்றரை வருடமாகிறது. ஊரில் மிச்சமிருந்தது அப்பாவும் தம்பி குலேந்திரனும். கடிதம் எழுதுவது தம்பிதான். பத்தொன்பது வயது. பனிக்குள் நிற்கிற படம் அனுப்பச் சொல்லி நச்சரிப்பான்.

எண்பத்தாறு தை மாதம் அவளுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஒபரேசன் நடந்தது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினால், வீட்டில் ஏதோ பிசகியிருந்தது. மீனில்லாமல் சோறு இறங்காத புருஷன் பாலேந்திரா, பருப்பும் முட்டைக்கோவாவும் தின்றுகொண்டிருந்தான்.

"உனக்குக் கொழுப்புக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உனக்கில்லாதது எனக்கென்னத்துக்கு?"

இந்தப் பாசம் திடீரென்று எங்கிருந்து முளைத்தது? சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனால், கீழ்வீட்டுக்காரி புகை மணக்குதென்று முறைப்பாடு சொல்லுகிறாள் என்றான். தபால்பெட்டியைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். வேறு பொம்பிளையோ என்றுகூட ஒருநாள் யோசித்தாள். பொம்பிளைக்காக மீனை விடுகிற ஆம்பிளை உலகத்தில் கிடையாது என்று அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை காலை அவன் எங்கோ போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றான். டேனிஷ் வகுப்பில், ஐஸ்லாந்தில் வெந்நீர் வானத்துக்குப் பீறியடிக்கிற படம் காட்டினார்களாம். இந்த நாட்டில் அப்படி இல்லையாம். ஆனால் ரோல்ட் காட்டில், உறைபனியிலும் ஆவி பறக்கிற ஊற்று ஒன்று இருக்கிறதாம். பக்கத்து வீட்டு அந்தோனிதாசனின் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறானாம்.

"நானும் வாறன்."

"காயம் இன்னும் ஆறேல்லை. நீ நில்."

"ஆறீட்டுது. வாறன்."

காரில் ஏறியபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய ஊரில் வெந்நீரூற்று என்றால் கன்னியா. வெளியூர்க்காரர் அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவளுடைய சனமோ, செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்யப் போகும். செத்தவீடுபோல மீனில்லை, விளக்கில்லை, இப்போது வெந்நீர்.

"தம்பி, ஊர்ப்பக்கத்தால ஏதும் புதினம் வந்ததோ?" என்று அந்தோனிதாசனிடம் மெல்லக் கேட்டாள்.

"இல்லை அக்கா," என்றவன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாய் மூடாத ஆள், அன்று ரேடியோவைக் கூட்டிவிட்டான்.

காட்டுக்குள் வெள்ளைப் பனி. நடுவே ஒரு குட்டை, அதன் அடியில் மணல் கொதிப்பதுபோல் குமிழ்விட்டுப் புரண்டது. மேலே ஆவி. ராசமலர் குந்தியிருந்து கையை விட்டாள். தண்ணீர் விறைக்கக் குளிர்ந்தது. வெளிக்குளிருக்குத்தான் அதில் ஆவி பறந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வெந்நீருமில்லை, கன்னியாவுமில்லை, ஒருவரும் சாகவுமில்லை. வீணாக மனுசனைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டாள். பகிடியாகச் சொல்லத் திரும்பினாள்.

பாலேந்திரா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பனியில் நின்றான். உள்ளங்கையில் கறுப்பு எள்.

"ஆர்?"

"ராசம்..."

"அப்பாவோ, தம்பியோ?"

"குலேந்திரன்." அவன் பனியைப் பார்த்துச் சொன்னான். "நீ ஆஸ்பத்திரியில இருக்கேக்க லண்டனில இருக்கிற சொந்தக்காரர் போன் எடுத்தவை. கடைக்குப் போன பெடியனை ரோட்டில வைச்சுச் சுட்டுப்போட்டாங்கள். கன்னியாப் பக்கம் இப்ப ஒருத்தரும் போகேலாது. அங்கயெண்டாலும் ஒருபிடி எள்ளுத்தண்ணி இறையுங்கோ எண்டு உன்ர அப்பா சொல்லிவிட்டவர். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு... இண்டைக்கு முப்பத்தொண்டு. இண்டையோட எல்லாம் முடிஞ்சிடும்."

அவள் எழுந்து வந்து, எள்ளிருந்த அவன் கையை இரண்டு கையாலும் இறுக்கி மூடினாள்.

"இறைக்காதேங்கோ. முப்பத்தொரு நாள் உங்களுக்குத்தான். எனக்கு அவன் இப்பத்தான் செத்தவன்."